அண்ணனின் நெஞ்சில் குடியிருந்த மாப்பிள்ளை

என் அண்ணன் சுடலைமுத்து பீஸால் சாகவில்லை. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! கேட்கிறவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். வாசல் படலையைத் தாண்டியதும், "பாவம், தமையன் போன கவலையிலை விமலேஸ்வரிக்கு மண்டை தட்டிப்போட்டுது" என்கிறார்கள். தட்டட்டும். எனக்கு இன்னும் ஒரு தம்பி மிச்சம் இருக்கிறான், ஜனார்த்தனன். அவனையாவது ஒரு தடவை கிளினிக் வாசலில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும் என்றுதான் இவ்வளவு கத்துகிறேன்.

பீஸ் என்பது செல், அதுதான் எறிகணை, வெடித்துச் சிதறுகிற இரும்புத் துண்டு. வன்னியில் இதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. இங்கே வீட்டுக்கு வீடு யாராவது ஒருவரின் உடம்பில் ஒன்று கிடக்கும். ஒருவருக்கு முதுகில், ஒருவருக்குத் தொடையில், இன்னொருவருக்குத் தலையில்கூட. மழை வந்தால் நோகும், பனி விழுந்தால் நோகும். 'எடுத்துவிடலாமே' என்று யாராவது சொன்னால் அவர் வெளியூர்க்காரர் என்று தெரிந்துகொள்வோம்.

அண்ணனுக்கு அது கடைசிச் சண்டையில் பட்டது. பங்கருக்குள் இறங்கக் குனிந்தவரின் இடது தோள் எலும்புக்குக் கீழே, நெஞ்சின் மேற்பக்கத்தில் புகுந்தது. வெளியே வரவில்லை. வவுனியாவில் ஆஸ்பத்திரித் தரையில் பாயில் படுக்கவைத்திருந்தபோது ஒரு டொக்டர் குனிந்து பார்த்து, "இதைத் தொடாதையுங்கோ. இப்ப கிண்டினால் ஆபத்து. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அந்த நேரத்துக்கு அவர் சொன்னது சரி. அடுத்த பாயில் கிடந்த ஆளுக்கு வயிற்றுக்குள் இருந்ததை எடுத்தார்கள். மறுநாள் காலை அந்தப் பாய் வெறுமையாக இருந்தது. அண்ணன் அந்தப் பாயையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பீஸைத் தொட்டால் சாவு, தொடாவிட்டால் பிழைப்பு என்று அன்றைக்கு அவருடைய மனதில் ஏறியது கடைசிவரை இறங்கவே இல்லை.

முகாமில் முதல் மழைக்குக் கூடாரத்துக்குள் தண்ணீர் வந்தது. நாங்கள் எல்லாரும் குந்தியிருந்தோம். அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினார். அண்ணி வீரம்மா பயந்துபோய் என்னவென்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை, மாப்பிள்ளைக்குக் குளிருதாம். கோவிக்கிறார்" என்றார். எல்லாவற்றையும் இழந்து வந்து குந்தியிருந்த நேரத்தில் அண்ணி சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து நாங்களும் சிரித்தோம். அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர். கேட்காமல் வீட்டுக்குள் வந்தவர், போ என்று சொல்லமுடியாது, மரியாதை குறைந்தால் முகத்தைத் தூக்கிக்கொள்வார். பிறகு வட்டக்கச்சிப் பக்கம் காணியும் வீட்டுத்திட்ட வீடும் கிடைத்து நாங்கள் குடியேறியபோது மாப்பிள்ளையும் கூடவே குடியேறினார். ஊர்ப் பிள்ளைகள் வந்து, "மாமா, மாப்பிள்ளையைத் தொட்டுப் பாக்கட்டே?" என்று கேட்பார்கள். அண்ணன் சேர்ட்டைத் திறந்து காட்டுவார். தோலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் தட்டுப்படும்.

எங்களுடைய அப்பா அம்மா எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு ஓடிவந்தவர்கள். அண்ணன் அங்கே பிறந்தவர். நானும் தம்பியும் இங்கே பிறந்தவர்கள். அப்பா காடு வெட்டிக் காணியாக்கினார். ஒருநாள் கச்சான் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பொத்திக்கொண்டு வரம்பில் சரிந்தார். வெயில் பட்டுவிட்டது என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அண்ணன் அன்றைக்கே பள்ளிக்கூடப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினவர், பிறகு எடுக்கவில்லை. எனக்கும் தம்பிக்கும் சோறு போட்டது அவருடைய தோள்.

தோள் என்று சும்மா சொல்லவில்லை. அண்ணன் பரந்தனில் ஓர் அரிசி மில்லில் நாட்டாமை. மூட்டை தூக்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். லொறிக்குப் போட்டிருக்கும் பலகையில் நெல் மூட்டையோடு ஏறி இறங்குவதுதான் வேலை. மாப்பிள்ளை இடது பக்கம் இருக்கிறார் என்று மூட்டையை எப்போதும் வலது தோளிலேயே வைப்பார். வலப்பக்கம் சரிந்துதான் படுப்பார். மகள் நிரோஜாவைக் குழந்தையில் தூக்கியதும் வலது தோளில்தான். அவருடைய வலது தோள் தடித்து, இடது தோள் மெலிந்து, சேர்ட் ஒருபக்கமாகவே தொங்கும். நான் கேலி செய்வேன். "உனக்கென்னடி, உனக்கு ரெண்டு தோளும் சும்மா தானே கிடக்குது" என்பார்.

நல்ல மனிதர். அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. மில்லில் புதிதாக வருகிறவனுக்கு எப்படிக் குனிந்து மூட்டை வாங்குவது என்று காட்டிக்கொடுப்பார். சனிக்கிழமைகளில் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாருக்கும் மிக்சர் வாங்கிவருவார். ஆனால் தன் உடம்பென்று வந்தால் எருமை. நாள் முழுக்கப் பீடி. மில்லில் பிளேன்ரீ வந்தால் அடியில் சீனி கரையாமல் கிடக்கவேண்டும். வீட்டில் கருவாட்டுக் குழம்பு இல்லாவிட்டால் சோறு இறங்காது, அதற்கு மேலே உப்பும் தூவிக்கொள்வார். அண்ணி ஒருநாள் உப்பைக் குறைத்ததற்குக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினார். அடுத்த நாள் அண்ணி பழையபடி போட்டாள். வேறென்ன செய்வாள்? மூட்டை தூக்குகிற மனுசன் பட்டினி கிடக்கலாமா?

நோவு மாறியதை நான்தான் முதலில் கவனித்தேன். முன்பெல்லாம் அது மழைக்கும் பனிக்கும் வரும், நாள்கணக்கில் நின்று குடையும். போன வருடத்துக்கு முந்தின ஆடி மாதம், நல்ல வெயில், எனக்கு அரிசி கொண்டுவந்த அண்ணன் மதகடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். வியர்வை வழிகிறது, முகம் வெளுத்திருக்கிறது. நான் ஓடிப்போய் என்ன அண்ணே என்றேன்.

"மாப்பிள்ளை கோவம்."

"மழையே இல்லை. பிறகென்ன கோவம் உவருக்கு?"

"வயசு போகுதெல்லே. இப்ப வெயிலுக்கும் கோவிக்கிறார். கொஞ்சம் நிண்டால் சமாதானமாயிடுவார்."

உண்மையிலேயே கொஞ்ச நேரம் நின்றதும் நோவு போய்விட்டது. சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது. இரும்புத் துண்டுக்கு அவர் நிற்கிறாரா நடக்கிறாரா என்று எப்படித் தெரியும்?

அந்த நேரம்தான் எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் பரிசோதனை என்று அறிவித்தார்கள். பிரஷர், சீனி, கொழுப்பு, நிறை எல்லாம் பார்ப்பார்களாம், காசில்லை, வெறும் வயிற்றோடு வந்தால் போதும். போய்ப் பார்த்தால் மண்டபம் நிறையப் பெண்கள். நேர்ஸ் நிசாந்தினி மிஸ் கதிரைகளைப் பார்த்துவிட்டு, "ஏன், இந்த ஊரிலை ஆம்பிளையளுக்கு முப்பத்தைஞ்சு வயசு வாறதே இல்லையோ?" என்று கேட்டா. எல்லாரும் சிரித்தோம். நான் சிரித்துவிட்டு எழும்பி, நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், முகம் கழுவிக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். தம்பியையும் கூப்பிட்டேன். அவனும் அண்ணனோடு அதே மில்லில்தான் வேலை; "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்று மில்லுக்கு ஓடிவிட்டான்.

அண்ணனுடைய பிரஷரை மிஸ் இரண்டு தரம் எடுத்தா. முகம் மாறியது. "அப்பா எதாலை செத்தவர்?" என்று கேட்டா.

"வெயில் பட்டு."

"நெஞ்சு நோ இருக்கோ ஐயா? நடக்கேக்கை, பாரம் தூக்கேக்கை?"

"இருக்கு மிஸ். அது பீஸ்." சேர்ட்டைத் திறந்து காட்டினார். மிஸ் விரலால் அமத்திப் பார்த்தா. நோகும்தானே, இரும்பை அமத்தினால்? அண்ணன் "ஆ" என்றார். "பாத்தீங்களே?" என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மிஸ் விடவில்லை. மண்டபத்தின் மூலையில் இருந்த இளம் டொக்டரிடம் அனுப்பினா. டொக்டர் பிரஷருக்கும் கொழுப்புக்கும் குளிசை கொடுத்து, ஒவ்வொரு நாளும் தவறாமல் போடச் சொன்னார். பீடியை விடச் சொன்னார், உப்பைக் குறைக்கச் சொன்னார். "இது பீஸ்தான் எண்டு நீங்களே முடிவெடுக்காதையுங்கோ. பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஈசீஜி ஒண்டு எடுங்கோ. இருதயத்தைப் பாக்கவேணும்" என்று துண்டு எழுதிக் கொடுத்தார். அவர் வேறென்ன செய்யவேண்டும்? காலில் விழுந்தா கேட்கவேண்டும்?

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "விளங்கிச்சே? பெரியாஸ்பத்திரிக்குப் போனால் இதை எடுக்கப் பாப்பினம்."

"ஐயோ அண்ணே, நெஞ்சிலை வயர் ஒட்டிப் பாக்கிறது. கத்தியே வைக்காயினம்."

"முதல்லை வயர் வைப்பினம். பிறகு கத்தி வைப்பினம். நான் பாயிலை கிடந்து பாத்தனான். நீ பாக்கேல்லை."

அண்ணியும் அவர் பக்கம்தான். தொட்டால் ஆபத்து என்று அந்தப் பழைய டொக்டர் சொன்னதை அவளும் காதால் கேட்டவள். "அறுவடை முடியட்டும் விமலா, பிறகு பாப்பம்" என்றாள். மாசியில் நெல் வெட்டும் காலத்தில் மில்லில் மூட்டை மலையாகக் குவியும், அந்த நேரம் நாட்டாமை லீவு கேட்கமாட்டான். அதற்கு முதல் மழைக்காலம், ரோட்டு சரியில்லை. அந்த மழைக்குள்ளேயே ஐயப்பன் விரதக்காரருக்கு அன்னதானம், விறகு கொத்துகிறது அண்ணன்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்டு. நான் போகும்போதெல்லாம் அந்தத் துண்டை எடுத்து அவருடைய முகத்துக்கு முன்னால் பிடிப்பேன். "உன்ரை வாய்க்குப் பயந்துதான் புருசன்காரன் ஓமானுக்கு ஓடினவன்" என்று சிரிப்பார்.

குளிசையை மட்டும் வாங்கிக்கொண்டார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவர் அதை எப்படிப் போடுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் இல்லை. பிரஷர் குளிசையைத் தாளில் சுற்றிச் சாரத்து மடிக்குள் வைத்திருப்பார். பலகையில் ஏறும்போது நெஞ்சு பிடித்தால் மூட்டையைப் போட்டுவிட்டு வந்து, நிழலில் குந்தியிருந்து, ஒரு குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். நோவு போய்விடும். குந்தியிருந்ததால் போன நோவு அது. குளிசையால் போனது என்று அவர் நினைத்தார். அதோடு விட்டாரா? மில்லில் எல்லாருக்கும் சொன்னார். அங்கே வேலை செய்கிற செல்வராசாவுக்குத் தொடையில் பீஸ். அவருக்கும் ஒன்று கொடுத்தார். "தொடைக்கும் கேக்குது மச்சான்!" என்று அந்த மனுசன் சாட்சி சொன்னார். கொஞ்ச நாளில் அந்த மில்லில் பிரஷர் குளிசைக்குப் பீஸ் குளிசை என்று பெயர் வந்துவிட்டது. பீஸ் உள்ளவர்கள் கேட்டு வாங்கிப் போட்டார்கள். பீஸ் இல்லாத என் தம்பிக்கு அது தேவைப்படவில்லை.

இதை அறிந்த அன்று நான் அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்று கத்தினேன். "விசரே உங்களுக்கு? அது ரத்தத்துக்கு. ரத்தத்துக்கு! இரும்புக்கு இல்லை!" அண்ணன் பீடியைப் பற்றவைத்தபடி, "கேக்குதெல்லே? பிறகென்ன?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகைதான். அதைப் பார்த்து அவர் இறங்கிவந்தார். "சரியடி, அழாதை. அறுவடை முடிய வாறன். சத்தியமா வாறன்" என்று என் தலையில் கைவைத்துச் சொன்னார்.

அறுவடை முடியவில்லை.

பங்குனி பிறந்து சில நாள். கடைசி லொறிகள் ஏறிக்கொண்டிருந்தன. காலைப் பிளேன்ரீ வந்த நேரம் அண்ணன் பலகையில் பாதி ஏறியவர் நின்றார். மூட்டை தோளிலிருந்து விழுந்து கிழிந்து நெல் கொட்டியது. தம்பி ஓடிப்போய்ப் பிடித்து இறக்கினான். "மாப்பிள்ளை இண்டைக்குச் சரியான கோவம்" என்று அண்ணன் சொன்னாராம். அதுதான் அவர் சிரித்துச் சொன்ன கடைசிப் பேச்சு. மடியிலிருந்த குளிசையைப் போட்டார். குந்தியிருந்தார். இந்தத் தடவை போகவில்லை. இடது கை முழுக்க நோகுது, தாடை நோகுது என்றார். பீஸ் நகருது என்றார்கள். தம்பி தைலப் போத்தலை எடுத்து, பீஸ் இருந்த இடத்தில் தேய்க்கத் தொடங்கினான். தேய்த்தான், அமத்தினான், சாக்கைச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்தான். செல்வராசா தன்னிடமிருந்த குளிசையையும் கொடுத்தார். அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை அவர்கள். மத்தியானச் சாப்பாடு வந்தது, அப்போதும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அண்ணன் வாந்தி எடுத்து, கண் மேலே சொருகிய பிறகுதான் ஓட்டோ பிடித்தார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் போய் நின்றபோது முடிந்துவிட்டது. அங்கே இருந்த டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அண்ணி மயங்கிக் கிடந்தாள், தம்பி வெளியே சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான், கேட்க ஆள் நான்தான். "இது மாரடைப்பு அம்மா. இருதயத்துக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. கனநாளா அறிகுறி காட்டியிருக்கும். நோ துவங்கின உடனை கொண்டுவந்திருந்தால் ஏதும் செய்து பாத்திருக்கலாம்" என்றார்.

"பீஸ் நகர்ந்ததோ டொக்டர்?"

அவர் தன்னுடைய தோள் எலும்பைத் தொட்டுக் காட்டினார். "அது இஞ்சை, வெளியிலை, சதைக்குள்ளை கிடக்குது. அது அசையவே இல்லை. அது தன்ரை பாட்டிலை இருந்தது."

அது தன் பாட்டில் இருந்தது! பாவம், மாப்பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை.

செத்தவீட்டில் ஒருவரும் இதைக் கேட்கத் தயாராக இல்லை. "பீஸ் இருதயத்திலை குத்திப்போட்டுது" என்று அண்ணி தலையில் அடித்து அழுதாள். "இவ்வளவு வருசம் பொறுத்திருந்து கொண்டுபோச்சே!" வந்தவர்கள் எல்லாரும் கூட அழுதார்கள். அவரவர் தங்கள் உடம்பில் இருந்ததைத் தடவிக்கொண்டே அழுதார்கள். சந்தியில் கட்டிய பனரில் யுத்தத்தின் காயத்தால் பிரிந்தவர் என்று போட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் வாயை மூடியது அன்றைக்குத்தான். யுத்தம் கொன்றது என்றால் அண்ணியால் தாங்கமுடியும், அது ஊரில் எல்லாரையும்தான் கொன்றது. கருவாடும் உப்பும் பீடியும் 'அறுவடை முடியட்டும்' என்ற சொல்லும் கொன்றது என்றால் அவள் எங்கே போவாள்?

கருமாதி அன்று தம்பி என் மடியில் தலைவைத்து அழுதான். "நான் தேச்சனான் அக்கா. கை ஓயத் தேச்சனான். பீஸ் உள்ளுக்கை போயிட்டுது, என்னாலை பிடிச்சுக்கொள்ள ஏலாமல் போச்சு." நான் அவனுடைய தலையைத் தடவினேன். என்ன சொல்ல? சொல்லடி பார்ப்போம் என்று இன்றைக்கும் என்னை நானே கேட்கிறேன்.

நிசாந்தினி மிஸ் வீட்டுக்கே வந்தா. "ஒரு அப்பாவும் ஒரு அண்ணனும் ஐம்பது வயசுக்குள்ளை நெஞ்சு நொந்து போனால், மிச்சப் பிள்ளையள் கட்டாயம் பாக்கவேணும். இப்பவே பாத்தால் தப்பலாம்" என்று சொன்னா. நான் போனேன். எனக்கும் பிரஷர் இருந்தது. குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன், உப்பைப் பாதியாக்கிவிட்டேன், விடியப்புறம் வாய்க்கால் கரையில் நடக்கிறேன். என்னைவிட ஐந்து வயது இளையவன் தம்பி. அண்ணனைப் போலவே பீடி, அண்ணனைப் போலவே கருவாடு. கூப்பிட்டால் ஒரே பதில்தான்.

"எனக்குத்தான் பீஸ் இல்லையே அக்கா. ஒரு கீறல்கூடப் படாமல் வந்தனான்."

ஒரு வருடம் இதையே கேட்டேன். அண்ணனுடைய ஆண்டுத் திவசத்துக்கு எல்லாரும் அண்ணி வீட்டில் கூடினோம். தம்பி கிணற்றடியிலிருந்து தண்ணீர்க் கிடாரத்தைத் தூக்கிவந்தான். குசினி வாசலில் வைத்துவிட்டு நிமிராமல் நின்றான். மூச்சு வாங்குகிறது. கை நெஞ்சில் இருக்கிறது. அண்ணன் மதகடியில் நின்ற அதே நிற்பு.

"டேய், புதன்கிழமை கிளினிக். நீ வாறாய்."

"திருப்பித் துவங்கிட்டியே? அண்ணைக்கு இருந்தது எனக்கு இல்லை. என்னத்தைப் பாக்கிறது?"

"அண்ணனுக்கு இருந்ததுதான் உனக்கும் இருக்கு. அப்பாவுக்கும் இருந்தது. அப்பாவுக்கு எங்கையடா பீஸ்?"

"அப்பா வெயில் பட்டுச் செத்தவர்."

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடி விட்டுப்போனது. ஒரு வருடமாக வாய்க்குள் வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வந்தது. "வெயிலும் இல்லை, பீஸும் இல்லையடா! மாரடைப்பு! அந்த இரும்பு அசையவே இல்லை எண்டு டொக்டர் எனக்குத் தொட்டுக் காட்டினவர். நோ துவங்கின உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அண்ணன் இண்டைக்கு இருந்திருப்பார்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. தம்பி தன் இரண்டு கைகளையும் பார்த்தான். உள்ளங்கையைப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான்.

"அப்ப நான் தேச்சுக்கொண்டு இருந்தது?" என்று கேட்டான்.

நான் ஓடிப்போய் அவனைப் பிடித்தேன். "உனக்குத் தெரியாதடா. ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குத்தான் சொல்லுறன், நீயாவது..." அவன் என் கையை மெல்ல எடுத்துவிட்டான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நம்பிக்கை வந்திருக்கும். செருப்பைக்கூடப் போடாமல் படலையைத் திறந்துகொண்டு போனான்.

அண்ணி குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "என்ரை மனுசனைச் சண்டைதான் கொண்டது. நீ என்னைக் கொலைகாரி ஆக்க வந்தனியே? என்ரை உப்புத்தான் கொண்டது எண்டு சொல்ல வந்தனியே? போ விமலா. இனி இந்த வாசலுக்கு வராதை" என்றாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அவள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். நிரோஜா அழுதுகொண்டே என்னைப் படலைவரைக்கும் கொண்டுவந்து விட்டாள். படைத்த சோறு படைத்தபடியே இருந்தது.

புதன்கிழமை நான் தனியாகப் போனேன். அடுத்த மாதமும் தனியாகத்தான். நிசாந்தினி மிஸ் "தம்பி?" என்று கேட்பதை நிறுத்திவிட்டா.

போன கிழமை பரந்தனுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பருப்பு எடுக்கப் போனேன். மில்லைத் தாண்டித்தான் போகவேண்டும். லொறி நின்றது. அண்ணனுடைய இடத்தில் இப்போது தம்பிதான் முன்னுக்கு நிற்கிறான். மூட்டையோடு பலகையில் ஏறினான். பாதியில் நின்றான். மூட்டையைத் தாங்கின கை ஒன்று, மற்றக் கை நெஞ்சில். நான் ரோட்டில் நின்று பார்த்தேன். அவன் மூச்சை இழுத்து, மேலே ஏறி, மூட்டையைப் போட்டுவிட்டு இறங்கும்போது என்னைக் கண்டான்.

கிட்டப் போனேன். செல்வராசா அவனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, "வாய்வாத்தான் இருக்கும் தங்கச்சி. சோடா குடிச்சால் சரி" என்றார்.

தம்பி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"வாய்வு இல்லை அக்கா. என்னண்டு எனக்குத் தெரியும்" என்றான்.

"தெரிஞ்சால் வாவனடா. இப்பவே போவம். ஓட்டோ நிக்குது. உன்ரை காலிலை விழுறன்."

"அண்ணை இதாலைதானே போனவர். நான் பக்கத்திலை இருந்து தேச்சுக்கொண்டிருக்கப் போனவர்." தண்ணீர்ப் போத்தலைச் செல்வராசாவிடம் திருப்பிக் கொடுத்தான். "நீ போ அக்கா. பருப்புக் கடைக்காரன் பூட்டப் போறான்."

திரும்பிப் போய்க் குனிந்தான். அடுத்த மூட்டையை அவனுடைய தோளில் வைத்தார்கள். எந்தத் தோள் என்று பார்த்தேன். அண்ணன் ஒருநாளும் மூட்டை வைக்காத இடது தோள்.